மறு: தரைமேல் உயிர்த்திரளா, உயிரிநிறையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காடு அளப்பதற்கான நம் கலைச்சொல் பட்டியலில் biomass என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது என்று மூன்று நாளாக நடக்கும் பேச்சைப் படித்துக்கொண்டே வந்தேன். ‘உயிர்த்திரள்’ ஏற்கெனவே பழகிவிட்ட சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். போன ஆண்டு வரை நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். காட்டில் மரம் அளக்கப் போகிறவர்களுக்கு ஒரு கையேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல் இடறத் தொடங்கியது. “இந்த மரத்தின் உயிர்த்திரள் 580 கிலோ” என்று எழுதிப் பாருங்கள். திரளோடு கிலோ ஒட்டவில்லை. கரும்புச் சக்கை, உமி, தேங்காய் ஓடு இவற்றை எரித்து மின்சாரம் எடுக்கிறோமே, குவிந்து கிடக்கும் அந்தப் பொருளுக்குத் திரள் நன்றாகப் பொருந்தும். காட்டில் நமக்கு வேண்டியது ஓர் அளவின் பெயர்.

என்ன அளவு அது? மரத்தில் உள்ள தண்ணீர் முழுவதும் போன பிறகு மிஞ்சும் நிறை. வெட்டிய கட்டைத் துண்டை ஏறத்தாழ 105 டிகிரி சூட்டில், இனி எடை குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்தி நிறுப்பார்கள். நிற்கிற மரத்தை அப்படிச் செய்ய முடியாதே! அதனால் நெஞ்சுயரத்தில் டேப் சுற்றிச் சுற்றளவு எடுத்து, உயரம் பார்த்து, அந்த மர இனத்தின் கட்டை அடர்த்தியையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறோம். நெஞ்சுயரம் என்பது உலக வழக்கில் 1.3 மீட்டர், நம் வனத்துறை வழக்கில் 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. வெப்பமண்டலக் காடுகளுக்கு இன்று பரவலாகப் பயன்படும் சமன்பாடு 2014இல் பிரெஞ்சுச் சூழலியலாளர் ஜெரோம் ஷாவ் குழுவினர் வெளியிட்டது. 58 இடங்களில் வெட்டி நிறுக்கப்பட்ட 4,004 மரங்களின் கணக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது.

30 செ.மீ. விட்டம், 20 மீட்டர் உயரம், கட்டை அடர்த்தி கன செ.மீ.க்கு 0.6 கிராம் உள்ள ஒரு மரத்தை அதில் போட்டால் சுமார் 580 கிலோ வருகிறது. அதில் 47 விழுக்காடு கார்பன் என்று கொண்டால் 270 கிலோ சொச்சம். அதை, கார்பன் டை ஆக்சைடுக்கும் கார்பனுக்கும் உள்ள நிறை விகிதமான 44/12ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு கணக்கில் ஏறக்குறைய ஒரு டன். தோப்பில் சாதாரணமாகக் கண்ணில் படும் பருமன்தான் அந்த மரம். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இங்கே சொல் தவறினால் எண்ணும் தவறும். ‘பருமன்’ என்று பொதுவாக எழுதிவைத்து, சுற்றளவை ஒருவர் விட்டமாக எடுத்துக்கொண்டால், அதே மரம் ஒன்பது மடங்குக்கும் மேல் நிறை காட்டும். ஆகவே பட்டியலில் ‘நெஞ்சுயரச் சுற்றளவு’, ‘நெஞ்சுயர விட்டம்’ என்று இரண்டு தனிச் சொற்கள் கட்டாயம் வேண்டும்.

சரி, நிறைக்கு வருவோம். இலங்கை நண்பர் ‘உயிர்த்திணிவு’ என்கிறார். அங்கே பாடநூல்களில் திணிவுதான் நம் நிறை; நம் எடைக்கு அவர்கள் சொல்வது நிறை. அவர்கள் வழக்கில் அது பிசிறில்லாத சொல், திரளைவிட நூறு பங்கு மேல். ஆனால் தமிழ்நாட்டில் திணிவு என்றதும் அடர்த்தி நினைவுக்கு வரும். அதே சமன்பாட்டில் அடர்த்தியும் இருப்பதால் இங்கே குழப்பம் நிச்சயம். இரண்டு வழக்கையும் ஒரே பதிவில் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்துவிடலாம். ஒன்றை அழித்து இன்னொன்றை நிறுத்த வேண்டியதில்லை.

‘உயிர்நிறை’ என்றால் உயிர் நிறைந்தது என்று படிப்பார்களே என்ற கேள்வி நியாயமானது. ‘உயிர்நிறை காடு’ என்று தலைப்புப் போட்டால் எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள். அதனால்தான் ‘உயிரிநிறை’ என்கிறேன். உயிரி என்ற ஒற்றை இகரம் அந்தப் பொருளைத் தள்ளி நிறுத்துகிறது. உயிரி எரிபொருள் என்பதோடும் இணங்கிப் போகிறது. above ground என்பதற்கு முன்னொட்டாக ‘புவிமேல்’ வேண்டாம், அது பூமி முழுவதையும் அளப்பது போலப் பெரிதாக இருக்கிறது. தரைமேல் உயிரிநிறை, தரைக்கீழ் உயிரிநிறை. அடிமரம், கிளை, இலை மேலே, வேர் கீழே.

தென்னை, பனைக்கு மேற்சொன்ன சமன்பாடு உதவாது. அவை வயதாக ஆக உயருமே தவிர, மற்ற மரங்களைப் போலப் பருத்துக்கொண்டே போவதில்லை. அதனால் அவற்றுக்கு உயரத்தை வைத்துத் தனிக் கணக்கு. தொல்காப்பிய மரபியல் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் பிரித்ததிலும் தென்னையும் பனையும் புல் பக்கம்தான் வரும். அட்டவணையில் ‘அகக்காழ்’, ‘புறக்காழ்’ (காழ் என்றால் வைரம்) என்று இரண்டு தலைப்புகளை வைக்கலாம் என்பது என் ஆசை. புதிதாக ஆக்க ஒன்றுமே இல்லை, எடுத்துப் புழங்க வேண்டியதுதான்.

கார்பனா கரிமமா என்ற வழக்கில் நான் கார்பன் பக்கம். நம் பாடநூல்களில் ‘கரிம வேதியியல்’ என்று கரிமத்துக்கு வேறு வேலை கொடுத்தாகிவிட்டது. காட்டின் கார்பனில் ஒரு பங்கு ‘மண் கரிமக் கார்பன்’. கார்பனையும் கரிமம் என்றால் அது ‘மண் கரிமக் கரிமம்’ ஆகிவிடும்.

‘கார்பன் சேமிப்பு’ என்பதை மட்டும் தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். சேமிப்பது செயலா, சேமித்த அளவா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதுகிறோம். கடைக் கணக்கில் இருக்கும் சொற்கள் போதும்: இன்று காட்டில் உள்ளது கார்பன் இருப்பு, ஓராண்டில் சேர்ந்தது வரவு, தீயிலும் வெட்டிலும் போனது செலவு. முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனம் 1988 முதல் 50 ஹெக்டேரில் மரங்களைத் திரும்பத் திரும்ப அளந்துவருகிறது. ஒருமுறை அளந்தால் இருப்பு தெரியும். வரவு செலவு தெரிய அப்படி மறுபடி போய்த்தான் ஆக வேண்டும்.

அப்புறம், இந்திய வன அளவை நிறுவனம் இருப்பை ஐந்தாகப் பிரித்துக் காட்டுகிறது: தரைமேல், தரைக்கீழ், இறந்த மரம், சருகு, மண். இதில் ‘இறந்த மரம்’ எனக்கு உறுத்துகிறது. நின்றபடி காய்ந்ததைப் பட்டமரம் என்கிறோம். சாய்ந்து கிடப்பதை விழுந்த கட்டை என்கிறோம். இரண்டையும் அளக்கும் முறையே வேறு. இரண்டையும் அடக்கும் ஒரு சொல் உங்கள் ஊர்ப்பக்கம் இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.