டேட்டா மாடலிங் கற்க எங்கே தொடங்குவது? ஜாயின் போட்டால் மொத்தம் ஏறிவிடுகிறது

எக்செல்வாசி

பல வருடங்களாக எக்செல்லில் அறிக்கை தயாரிப்பதுதான் என் வேலை. விலுக்அப், பிவட் எல்லாம் கைக்கு வந்தவை. இப்போது மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். சார்ட் போடுவதில் சிக்கல் இல்லை. அதற்கு அடியில் இருக்கும் டேபிள்களை எப்படி அமைப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

என்னிடம் இருப்பவை: ஆர்டர் தலைப்பு ஒரு டேபிள், ஆர்டரில் உள்ள பொருள்கள் இன்னொரு டேபிள், அப்புறம் வாடிக்கையாளர், பொருள், ஸ்டாக். ஸ்டாக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஜாயின் செய்து (பொதுவான எண்ணை வைத்து வரிகளை இணைத்து) ஒரே பெரிய டேபிளாக ஏற்றினேன். விற்பனைத் தொகை சரியாக வருகிறது. டெலிவரிக் கட்டணத்தின் மொத்தம் மட்டும் கணக்குப் பிரிவு சொல்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. கட்டணங்களில் டிஸ்டிங்க்ட் போட்டுக் கூட்டினால் குறைந்துவிடுகிறது.

இதை எப்படிச் சரிசெய்வது என்பது ஒன்று. முறையாகக் கற்க எதை முதலில் எடுப்பது என்பது இன்னொன்று. பவர் பிஐயின் சூத்திர மொழியான டாக்ஸா, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல்லா? ஸ்டார் ஸ்கீமா படத்தை (நடுவில் எண்கள் இருக்கும் ஃபேக்ட் டேபிள், சுற்றிலும் வாடிக்கையாளர், பொருள் போன்ற விவரங்கள் இருக்கும் டைமென்ஷன் டேபிள்கள்) எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். படம் புரிகிறது, என் டேபிள்களை அதில் எப்படிப் பொருத்துவது என்றுதான் தெரியவில்லை.

மெஷர் மன்னன்

டாக்ஸ் முதலில் படியுங்கள். உங்கள் பிரச்சினை ஒரு மெஷரில், அதாவது டாக்ஸில் எழுதும் ஒரு கணக்கில், தீர்ந்துவிடும். வேல்யூஸ் கொண்டு ஆர்டர் எண்களை எடுத்து, சம்எக்ஸுக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் கால்குலேட் போட்டுக் கட்டணத்தின் மேக்ஸை மட்டும் கூட்டுங்கள். மொத்தம் கணக்குப் பிரிவோடு பொருந்தும்.

பழைய டேட்டாக்காரன்

மேலே சொன்ன வித்தை வேலை செய்யும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கே பொருள்வாரியாக டெலிவரிச் செலவு கேட்பார்கள். அப்போது டெலிவரி 80 உள்ள ஓர் ஆர்டரில் மூன்று பொருள் இருந்தால், மூன்றுக்கு எதிரிலும் 80, 80, 80 என்று நிற்கும், கீழே மொத்தமும் 80 என்றே காட்டும். அதைப் பார்த்து மேலாளர் கேட்கப்போகும் கேள்விக்கு அந்த மெஷரில் பதில் கிடையாது.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆர்டர் 501-இல் மூன்று பொருள்கள், 400, 300, 100. டெலிவரி 80. தலைப்பு டேபிளில் அந்த 80 ஒரு தடவைதான் இருக்கிறது. ஜாயின் செய்ததும் மூன்று வரிகளிலும் ஏறிக்கொண்டு 240 ஆகிறது. டிஸ்டிங்க்ட் போட்டால் இன்னொரு கோளாறு: 502-க்கும் கட்டணம் 80 என்றால் இரண்டையும் ஒரே எண் என்று நினைத்து ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டு பக்கமும் தப்பாக வருவதற்குக் காரணம் ஒன்றுதான். கட்டணம் ஆர்டருக்கு ஒன்று, தொகை பொருளுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே வரியில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

இதைத்தான் கிரெயின் என்கிறார்கள். டேபிளின் ஒரு வரி எதைச் சொல்கிறது என்பது. அறிக்கைக்கான டேபிள் வடிவமைப்பில் பெயர் பெற்ற ரால்ஃப் கிம்பால் சொன்ன நான்கு படிகளில் முதலில் எந்த அலுவல் என்று தேர்ந்தெடுப்பது, அடுத்தது கிரெயின், அதற்குப் பிறகுதான் டைமென்ஷன், கடைசியில் ஃபேக்ட். நம் ஆட்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக நட்சத்திரம் வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். (பயிற்சி வீடியோக்களும் அப்படித்தான் தொடங்குகின்றன, அது வேறு எரிச்சல்.)

ஆகவே ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். "ஒரு வரி என்பது ஓர் ஆர்டரில் ஒரு பொருள்." "ஒரு வரி என்பது ஒரு பொருள், ஒரு கிடங்கில், ஒரு நாள் முடிவில் இருந்த இருப்பு." வாக்கியத்தில் "அல்லது" வந்தால் அந்த டேபிளைப் பிரிக்க வேண்டும்.

எழுதியதும் கட்டணத்துக்கு இரண்டு வழி தெரியும். ஆர்டருக்கு ஒரு வரி என்று தனி ஃபேக்ட் டேபிள் வைக்கலாம். இல்லையென்றால் கட்டணத்தைப் பொருள்களுக்குப் பங்கிடலாம். தொகைக்கு ஏற்பப் பங்கிட்டால் 40, 30, 10, கூட்டினால் 80. எடைக்கு ஏற்பப் பங்கிட்டால் வேறு எண்கள் வரும். எந்த விதி என்பதைக் கணக்குப் பிரிவு சொல்லட்டும், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 100-ஐ மூன்றாகப் பங்கிட்டால் 33.33 போக 0.01 மிஞ்சும். அது எந்த வரியில் சேர வேண்டும் என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.

ஸ்டாக் டேபிளை ஆர்டரோடு ஜாயின் செய்யாமல் விட்டது நல்லது. அது தனி ஃபேக்ட். ஜனவரி முடிவில் 100, பிப்ரவரியில் 80, மார்ச்சில் 90 என்றால் காலாண்டு இருப்பு 270 ஆகாது, 90தான். கிடங்குகளுக்கு இடையே கூட்டலாம், நாள்களுக்கு இடையே கூட்டக் கூடாது. ஆர்டரும் ஸ்டாக்கும் சந்திப்பது பொருள், தேதி என்ற பொதுவான டைமென்ஷன்கள் வழியாக மட்டும்.

கற்பதற்கு: எஸ்கியூஎல்லில் ஜாயினும் குரூப் பையும் (வகைவாரியாகக் கூட்டுவது) சந்தேகமில்லாமல் வர வேண்டும். இப்போதைக்கு அது போதும். டாக்ஸ் கடைசியில். மாடல் சரியாக இருந்தால் பாதி மெஷர்கள் வெறும் சம், அதாவது கூட்டல்தான்.

பயிற்சிக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் அட்வென்ச்சர்வொர்க்ஸ் மாதிரித் தரவை எடுங்கள். அதில் சாதாரண ஆர்டர் டேட்டாபேஸ் ஒன்று, அறிக்கைக்கென அமைத்த டேட்டா வேர்ஹவுஸ் வடிவம் ஒன்று என இரண்டு உண்டு. முதலாவதில் ஃபிரெயிட் (டெலிவரிக் கட்டணம்) தொகை சேல்ஸ் ஆர்டர் ஹெடரில் இருக்கும், உங்களுடையது போலவே. இரண்டாவதில் ஃபேக்ட் இன்டர்நெட் சேல்ஸ் டேபிளைத் திறந்தால் அது ஒவ்வொரு பொருள் வரிக்கும் இறங்கியிருக்கும். அதே டேபிளில் ஆர்டர் தேதி, கெடு தேதி, அனுப்பிய தேதி என மூன்று சாவிகள் (டேபிள்களை இணைக்கும் நெடுவரிசைகள்) ஒரே தேதி டேபிளைக் காட்டி நிற்கும். பவர் பிஐயில் அவற்றில் ஒன்றுதான் உயிரோடு இருக்கும், மற்ற இரண்டும் புள்ளிக்கோடாகத் தெரியும். ஏன் என்று தேடிப் போனாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நீள்டேபிள்

ஒரே பெரிய டேபிளைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். கிரெயின் ஒன்றாக இருந்தால் அதுவும் நன்றாகவே ஓடும். இன்றைய கிளவுட் வேர்ஹவுஸ்கள் தேவையான நெடுவரிசையை மட்டும் படிப்பவை.

பழைய டேட்டாக்காரன்

ஒப்புக்கொள்கிறேன், "கிரெயின் ஒன்றாக இருந்தால்" என்பது வரைக்கும். விற்பனையே ஆகாத பொருள்களின் பட்டியல் கேட்டால் அந்தப் பெரிய டேபிளில் அவற்றுக்கு வரியே இருக்காது.

எக்செல்வாசி

மிக்க நன்றிங்க. தாளில் எழுதினேன். கட்டணத்தைத் தனி டேபிளாக வைத்ததும் மொத்தம் பொருந்திவிட்டது. கூடவே அடுத்த தலைவலியும் வந்தது. ஒரு வாடிக்கையாளரை வடக்கு மண்டலத்திலிருந்து தெற்குக்கு மாற்றினார்கள். போன வருட விற்பனை முழுவதும் தெற்குக்குப் போய்விட்டது. பழைய வரியையும் புது வரியையும் சேர்த்தே வைத்துப் பார்த்தேன், ரிலேஷன்ஷிப் மெனி டு மெனி (இரண்டு பக்கமும் ஒரே குறியீடு பல வரிகளில்) என்கிறது.

பழைய டேட்டாக்காரன்

வாடிக்கையாளர் குறியீட்டைச் சாவியாக வைத்திருப்பீர்கள். அது இப்போது இரண்டு வரிகளில் இருக்கிறது, பவர் பிஐ வேறு என்னதான் செய்யும்? ஒவ்வொரு வரிக்கும் அர்த்தமில்லாத புது எண் கொடுங்கள். வடக்கில் இருந்தபோது 7001, தெற்குக்கு வந்த பிறகு 7002. இரண்டிலும் அதே குறியீடு, அதோடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இரண்டு நெடுவரிசைகள். ஃபேக்ட் டேபிளை ஏற்றும்போது ஆர்டர் தேதியைப் பார்த்து 7001 அல்லது 7002 என்று பதியுங்கள். ரிலேஷன்ஷிப் அந்த எண்ணில்தான். பழைய விவரத்தை அழிக்காமல் புது வரி சேர்க்கும் இந்த முறைக்குத்தான் டைப் 2 என்று பெயர். அட்வென்ச்சர்வொர்க்ஸில் டிம் பிராடக்ட் டேபிளிலும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இருப்பதைப் பார்க்கலாம். வாடிக்கையாளர் எண்ணிக்கை எடுக்கும்போது மட்டும் வரிகளை எண்ணாமல் குறியீட்டை டிஸ்டிங்க்டாக எண்ணுங்கள்.

ஆனால் செய்வதற்கு முன் விற்பனைப் பிரிவிடம் ஒன்று கேளுங்கள்: போன வருட எண் இப்போதைய மண்டலப்படி வர வேண்டுமா, அன்றைய மண்டலப்படியா? பெரும்பாலும் இரண்டும் வேண்டும் என்பார்கள். அப்படியானால் "இப்போதைய மண்டலம்" என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்து இரண்டு வரிகளிலும் தெற்கு என்று எழுதிவிடலாம். பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கெல்லாம் புது வரி வேண்டாம், பழையதன் மேலேயே எழுதுங்கள்.

மண்டலம் மாறிய தேதி உங்கள் சிஸ்டத்தில் எங்காவது பதிவாகியிருக்கிறதா? இல்லையென்றால் பழைய மாற்றங்களை மீட்க முடியாது. இன்றிலிருந்தாவது தினமும் வாடிக்கையாளர் டேபிளின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள்.