மேலத்தெரு வீட்டுக் குழு: கார்த்திக்கின் நேவி ரிவால்வர்

கார்த்திக்: (படம்) மாமா, வந்துவிட்டது! கோல்ட் 1851 நேவியின் நகல், இத்தாலியின் உபெர்ட்டி நிறுவனம் செய்தது. ஆனால் பிடியில் செக்கச்செவேல் என்று வார்னிஷ், குழல் முழுக்கப் பளபளக் கறுப்பு. இதைப் பழைய துப்பாக்கி ஆக்க வேண்டும். அடுத்த கோடையில் அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் மறுநிகழ்வுக்கு எடுத்துப் போகப் போகிறேன்.

செல்வி: என்னடா இது, நிஜத் துப்பாக்கியா?

கார்த்திக்: ஆமாம் அம்மா, சுடும். தோட்டா கிடையாது. முன்பக்கமாகக் கருமருந்தையும் ஈயக் குண்டையும் இட்டு, பின்னால் மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கேப் மாட்ட வேண்டும்.

செல்வி: அண்ணா, லைசென்ஸ் வேண்டாமா இதற்கெல்லாம்?

முரளி மாமா: அமெரிக்க மத்திய அரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வகை நகல்களைப் பழம்பொருளாகத்தான் கணக்கில் எடுக்கிறது, செல்வி. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதை அவன் ஒஹாயோவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்குக் கொண்டுவருகிற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது.

முரளி மாமா: கார்த்திக், முதலில் காலியா என்று பார்த்தாயா? குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடு, குழலைக் கழற்று, சிலிண்டரை வெளியே எடுத்து ஆறு அறையிலும் டார்ச் அடித்துப் பார். வேலை செய்யும் அறையில் கேப் டப்பாவும் மருந்தும் இருக்கக் கூடாது.

கார்த்திக்: பார்த்துவிட்டேன் மாமா. இப்போது எல்லாம் தனித்தனியாக மேசையில் இருக்கிறது. வினிகரில் போட்டு, அங்கங்கே துருப்பிடிக்க வைத்து, பித்தளைக்கு அம்மோனியா காட்டினால் பழசாகிவிடும் என்று பார்த்தேன்.

முரளி மாமா: பழசு என்றால் எந்த ஆண்டுப் பழசு?

கார்த்திக்: 1863. கெட்டிஸ்பர்க் சண்டை நடந்த காலம்.

முரளி மாமா: அதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். கோல்ட் கம்பெனி இந்த மாடலை 1850இல் செய்ய ஆரம்பித்து 1873இல் நிறுத்தியது. 1863இல் ஒருவன் இடுப்பில் இருந்த நேவிக்கு மிஞ்சிப்போனால் பதின்மூன்று வயது. உறையில் உரசி வாய்ப்பக்கம் வெளுத்திருக்கும், விளிம்பு தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். குழி விழுந்து பழுப்பேறிய துப்பாக்கி நாம் இன்று மியூசியத்தில் பார்ப்பது. அந்தச் சிப்பாய் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டான்.

தேன்மொழி: மாமா சொல்வது சரி தம்பி. காலத்துக்குப் பொருந்த வேண்டும் என்று நீதானே ஆசைப்படுகிறாய்?

கார்த்திக்: இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. அப்படியானால் என்ன செய்வது?

முரளி மாமா: ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அதை நோக்கிப் போ. சட்டமும் (ஃபிரேம்) ஹேமரும் குண்டை அழுத்தும் லோடிங் லீவரும் வண்ணம் ஓடிய கேஸ் ஹார்டனிங். குழலும் சிலிண்டரும் நீலம். பித்தளைக்கு மேல் வெள்ளி முலாம். பிடி வார்னிஷ் அடித்த வால்நட்.

முரளி மாமா: சட்டத்தின் வண்ணத்தைத் தொடாதே. எலும்புக்கரியில் வைத்துச் சூளையில் சுட்டு நீரில் தோய்க்கிற வேலை அது, வீட்டில் நடக்காது. வினிகர் பட்டால் அந்த வண்ணம் சட்டென்று போய்விடும், திரும்ப வராது. குழலும் சிலிண்டரும் மட்டும் உன் வேலை.

கார்த்திக்: தேய்த்துப் பூசி நீலமேற்றும் புளூயிங் திரவம் வாங்கி வைத்திருக்கிறேன். அது போதாதா?

தேன்மொழி: அதில் செலினியம் சேர்மம் இருக்கும். செம்பும் செலினியமும் மேலே மெல்லிய படலமாகப் படிகிறது, அதுதான் அந்த நிறம். எஃகோடு ஒன்றாகாது, உறையில் உரசினால் போய்விடும். விஷமும்கூட. கையுறை இல்லாமல் தொடாதே, ஜன்னலைத் திறந்து வை.

முரளி மாமா: திருகின் தலையில் கீறல் மறைக்க அது போதும். குழலுக்குத் துரு நீலம்தான். கோல்ட் செய்தது கரி உலை நீலம், இது அதுவே இல்லை. ஆனால் தொழிற்சாலையில் இன்று உப்புக் குளியலில் ஏற்றும் கறுப்பைவிட இதன் மெல்லிய பளபளப்புதான் என் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது.

கார்த்திக்: துருவா? இப்போதுதானே துரு வேண்டாம் என்றீர்கள்!

தேன்மொழி: இது வேறு துரு. கரைசல் பூசி ஈரக் காற்றில் வைத்தால் மெல்லிய சிவப்புத் துரு பிடிக்கும். அதைக் கொதிக்கும் நீரில் போட்டால் கறுப்பு ஆக்சைடாக, மேக்னடைட்டாக மாறிவிடும். எஃகிலிருந்தே உருவானது என்பதால் எளிதில் உரியாது.

முரளி மாமா: வெளியே வந்ததும் எண்ணெய் நீக்கிய ஸ்டீல் உல்லால் லேசாகத் தேய்த்தால் தளர்ந்த தூள் போய்ச் சாம்பல் நிறம் தெரியும். மறுபடி பூசு, துருப்பிடிக்க விடு, கொதிக்க வை, தேய். சுற்றுக்குச் சுற்று கறுப்பு ஆழமாகும், ஆறேழு சுற்று தேவைப்படலாம். கடைசியில் ஆப்ப சோடா கலந்த நீரில் கொதிக்க விட்டு, சூடாக இருக்கும்போதே எண்ணெயில் ஊற வை.

முரளி மாமா: பைப் தண்ணீர் வேண்டாம், புள்ளி விழும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கு. கேப் மாட்டும் நிப்பிள்களைக் கழற்றிவிடு, குழலின் இரண்டு வாயிலும் மரக்கட்டை அடைத்துவிடு, உள்ளே துருப்பிடிக்கக் கூடாது. ஹூஸ்டனில் எனக்குக் காற்றே போதும். உனக்குக் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீடு காய்ந்து கிடக்கும், மூடிய பெட்டிக்குள் ஈரத்துணி வைத்துக்கொள்.

செல்வி: சமையல் பாத்திரத்தில் வைத்துவிடாதே!

முரளி மாமா: நல்லதைச் சொன்னாய். அதற்கென்று தனி ஸ்டீல் தட்டு வாங்கு, திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது.

முரளி மாமா: இதற்கெல்லாம் முன்னால் இருக்கும் வேலைதான் உண்மையான வேலை. நேவியின் குழல் எட்டுப் பட்டை. வினிகரில் பழைய கறுப்பு போனதும் ஆப்ப சோடாவில் கழுவிவிட்டு, உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி நீளவாக்கில் மட்டும் இழு. விரலில் வைத்துத் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும். பழகாத கை பட்டது என்பதை எந்த நிறமும் மறைக்காது.

கார்த்திக்: சிலிண்டரில் கப்பல் படம் இருக்கிறதே, அதையும் தேய்க்கவா?

முரளி மாமா: அதில் தாள் படவே கூடாது! ரோலரால் அழுத்தின படம், ஆழமே கிடையாது. 1843 மே 16ஆம் தேதி மெக்சிகோவின் கம்பெச்சே அருகே, அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸின் கடற்படை மெக்சிகோவோடு மோதிய சண்டை அது. ஆர்ம்ஸ்பி என்பவர் செதுக்கினார். கோல்ட்டின் முந்தைய மாடலான பேட்டர்சன் ரிவால்வரை முதலில் வாங்கியவர்களில் டெக்சாஸ் கடற்படையும் ஒன்று, அதனால்தான் சாமுவேல் கோல்ட் அந்தக் காட்சியை வைத்தார். ‘நேவி’ என்ற பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டது. சிலிண்டருக்கு வினிகரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

கார்த்திக்: பிடி?

முரளி மாமா: வார்னிஷ் நீக்கும் ஜெல் போட்டு வழித்து எடு. மரத்தை இழைக்காதே, பித்தளை விளிம்பைவிடத் தாழ்ந்துவிட்டால் சரிசெய்ய முடியாது. லின்சீட் ஆயிலை உள்ளங்கையால் தேய்த்து ஏற்று, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும். ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடு.

கார்த்திக்: கடைசியாக ஒன்று. மறுநிகழ்வுக் குழுவில் ஒருத்தர், இத்தாலி முத்திரைகளை ராவிவிட்டால்தான் அசல் போல இருக்கும் என்கிறார்.

முரளி மாமா: வேண்டாம். அந்தச் சின்ன முத்திரைகள் இத்தாலியின் கார்டோனே ஊரில் சோதித்துப் பார்த்ததற்கான சான்று. இரண்டெழுத்துக் குறி எந்த ஆண்டு என்று சொல்லும். வரிசை எண்ணைத் தொடுகிற பேச்சே கிடையாது. கருமருந்து மட்டும் என்ற எச்சரிக்கை, நாளை இது யார் கைக்குப் போனாலும் அவரைக் காப்பாற்றும். நன்றாக முடித்த நகலில் முத்திரை இல்லாவிட்டால் யாரோ ஒருவர் அசல் என்று நம்பிப் பெரிய விலை கொடுப்பார். அதற்கு நாம் வழி செய்யக் கூடாது.

தேன்மொழி: பத்தடி தள்ளி நின்றால் அது யார் கண்ணுக்கும் தெரியாது தம்பி.

கார்த்திக்: சரி மாமா, விட்டுவிடுகிறேன். முதலில் குழலின் பட்டைகளைத் தேய்க்கிறேன்.

முரளி மாமா: ஒரு பட்டை முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்து அனுப்பு. விளிம்புக் கோடு வளையாமல் ஓடினால் மற்ற ஏழையும் செய், அப்புறம் கரைசல் வாங்கலாம்.

செல்வி: பிள்ளைகள் தொடாத இடத்தில் பூட்டி வை.

கார்த்திக்: பூட்டுப் பெட்டி வாங்கிவிட்டேன் அம்மா. சாவி என்னிடம்தான் இருக்கிறது.