அம்மா, அப்பாவுடன் கண்டியிலும் நுவரெலியாவிலும் மூன்று இரவுகள்: தங்குமிடம், சாப்பாடு, நேரம்

புசல்லாவை உறுப்பினர்

சென்ற பெப்ரவரியில் அம்மா, அப்பா, மாமியார் ஆகிய மூவரையும் அழைத்துக்கொண்டு கண்டியில் இரண்டு இரவும் நுவரெலியாவில் ஓர் இரவும் தங்கிவிட்டு வந்தோம். அம்மா 31 வருடங்கள் தேயிலைக் கொழுந்து பறித்தவர். எங்கள் தோட்டத்திலிருந்து கண்டிக்கு இரண்டு மணித்தியாலம்கூட ஆகாது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கும் அடையாள அட்டை வேலைக்கும் போய்வந்ததைத் தவிர, அந்த நகரத்தில் ஓர் இரவு தங்கி ஊரைப் பார்த்தது அவர் வாழ்வில் கிடையாது. வயதானவர்களை அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், சரியாக அமைந்ததையும் பிழையாகப் போனதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் பிழை தங்குமிடத்தில் நடந்தது. கண்டியில் குளத்துக்கு மேலேயுள்ள மலைச்சரிவில், படங்களில் மிக அழகாகத் தெரிந்த ஒரு விடுதியை இணையத்தில் பதிவு செய்திருந்தேன். விறாந்தையில் நின்றால் குளம் முழுவதும் தெரியும் என்று போட்டிருந்தார்கள், அது உண்மைதான். ஆனால் வான் நிற்கும் இடத்திலிருந்து வரவேற்பறைக்கு 64 படிகள், அங்கிருந்து எங்கள் அறைக்கு இன்னும் இரண்டு மாடிகள், மின்தூக்கி இல்லை. அப்பாவுக்கு முழங்காலில் தேய்மானம். இருபதாவது படியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "நீங்க போங்க, நான் மெதுவா வாரேன்" என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. கேட்காமல் விட்டது என் தவறு. கண்டியில் ஒரு விடுதி "குளம் தெரியும்" என்று சொன்னால் அது உயரத்தில் இருக்கிறது என்றுதான் பொருள், உயரம் என்றால் படி உண்டு. முன்பணம் கட்டும் முன் தொலைபேசியில் பேசி, வாகனம் வாசல்வரை வருமா, அறைக்கு எத்தனை படிகள், கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா, சுடுதண்ணீர் நாள் முழுவதும் வருமா என்ற நான்கையும் கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பச் சொல்லுங்கள். அன்றிரவு அங்கேயே சமாளித்துவிட்டு, மறுநாள் பேராதனை வீதியில் சமதரையில் இருந்த ஒரு சிறிய விடுதிக்கு மாறினோம். அங்கே காட்சி ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா தானாகவே எழுந்து முற்றத்துக்குப் போய்ப் பத்திரிகை படித்தார்.

காலை உணவைச் சேர்த்து அறை எடுப்பது எங்களைப் போன்றவர்களுக்கு அவசியமில்லை என்பது என் எண்ணம். ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிற பெரியவர்களை, விடுதியின் சாப்பாட்டு மண்டபம் திறக்கும்வரை வெறும் வயிற்றுடன் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. நகரத்துக்குள் இருக்கும் சைவக் கடைகளில் விடிந்த கையோடு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், உழுந்து வடை எல்லாம் சூடாகக் கிடைக்கின்றன. மாமியார் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்பதை ஒவ்வொரு இடத்திலும் கேட்டுத்தான் வாங்கினோம். சைவம் என்று சொன்ன பிறகும் சம்பலில் மாசி வந்துவிடுவதுண்டு, ஆகவே இதைத் தனியாகக் கேளுங்கள்.

புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையில் பூசை காலை 5.30, 9.30, மாலை 6.30 ஆகிய நேரங்களில் நடக்கிறது. நாங்கள் மாலைப் பூசைக்குப் போனோம். கீழே மேளம் முழங்க, மேலே மக்கள் தாமரையும் அல்லியும் ஏந்தி வரிசையில் நகர, அம்மா எங்கள் கோயிலில் நிற்பதைப் போலவே கைகூப்பி நின்றார். தோளும் முழங்காலும் மறையும்படி உடை இருக்க வேண்டும். செருப்பை வெளியே ஒப்படைக்க வேண்டும் என்பதால் கழற்றி மாட்ட எளிதானதை அணிவது நல்லது. அது முடிந்து குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, கண்டியின் கடைசி மன்னன் கண்ணுசாமி 1807இல் இந்தக் குளத்தை வெட்டத் தொடங்கியதையும், 1815இல் இராச்சியம் பறிபோன பின் வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்ததையும் அப்பா மாமியாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குளத்தைச் சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். முழுவதும் நடக்கத் தேவையில்லை, மாளிகையின் பக்கமாக உள்ள நடைபாதையில் மர நிழலில் கால்மணி நேரம் நடந்தாலே போதும்.

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் 147 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். ஒர்க்கிட் மண்டபம், உயர்ந்த பனைவகை மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும் சாலை, பெரிய புல்வெளியில் கிளைகளைத் தரையளவுக்குப் படரவிட்டு நிற்கும் ஜாவா அத்தி மரம், இந்த மூன்றோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம். அத்தி மர நிழலில் அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த தேங்காய் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் சாப்பிட்ட அரைமணி நேரம்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது என்று நினைத்திருந்தேன், பிற்பகலில் ஹந்தானைக்குப் போகும்வரை.

ஹந்தானை மலையில் 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் பயன்படுத்திய பொருட்கள் அங்கே உள்ளன. கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, சலிப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் உரிய பழைய இயந்திரங்களும் உள்ளன. தினமும் மூன்று முறை கொழுந்தை நிறுத்துக் கொடுத்த அம்மா, அந்தக் கொழுந்து அதன்பின் என்ன ஆகிறது என்பதை முதல் தடவையாக வரிசைப்படி பார்த்தார். மேல்மாடியில் தேநீர் வாங்கினோம். குடித்து முடித்ததும் அம்மா கேத்தலின் மூடியைத் திறந்து, அடியில் விரிந்து கிடந்த ஓர் இலையைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்து, நகத்தால் மெதுவாக நீவி விரித்தார். இரண்டு இலையும் குருத்தும் ஒன்றாக இருந்தன. "கத்தரி போட்டது இல்ல. கையால கிள்ளினது" என்றார். நான் பதினேழு வருடமாகக் கொழும்பில் தேநீர் குடிக்கிறேன், ஒரு நாளும் அந்த இலையைப் பார்த்ததில்லை.

நுவரெலியாவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கண்டி, அம்பிட்டிய உறுப்பினர்

தங்கச்சி எழுதிய படிக்கட்டு விடயம் நூற்றுக்கு நூறு உண்மை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நானும் ஒரு முறை தடுமாறியிருக்கிறேன், அது தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வலக் காலத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மைத்துனர் குடும்பத்தை, "கண்டிதானே, அறை கிடைக்கும்" என்ற நம்பிக்கையில் ஆகஸ்டில் வரச் சொல்லிவிட்டேன். ஜூலை அல்லது ஆகஸ்டில் பல இரவுகள் தொடர்ந்து நடக்கும் அந்தப் பெரஹரா நாட்களில், அறைகளுக்கு வழக்கத்தைப் போலப் பல மடங்கு வாடகை கேட்பார்கள். பிற்பகலிலேயே வீதிகளை மூடுவதால் வாகனம் நகரத்துக்குள் வரவும் முடியாது. கடைசியில் எட்டுப் பேரும் என் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். யானைகளும் தீப்பந்தங்களும் ஆட்டக்காரர்களும் செல்வதைப் பார்த்தது அவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி என்பதை மறுக்கவில்லை. பெரஹரா பார்ப்பதே நோக்கம் என்றால் பல மாதங்களுக்கு முன்பே அறையும் இருக்கையும் பதிவு செய்யுங்கள். அது நோக்கம் இல்லையென்றால் அந்த நாட்களில் வரவே வேண்டாம்.

இன்னொன்று, நாட்காட்டியில் பௌர்ணமி நாளான போயா தினத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இறைச்சிக் கடையும் மதுக்கடையும் திறக்கமாட்டார்கள், தலதா மாளிகையில் கூட்டம் அலைமோதும். காலையில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலைக் கும்பிட்டுவிட்டு நாளைத் தொடங்குங்கள் என்றுதான் வருகிற உறவினர்கள் எல்லோருக்கும் சொல்வேன். இரவில் கொத்து ரொட்டி சாப்பிட விரும்புபவர்கள், தகட்டில் கொத்தும் சத்தம் வீதிவரை கேட்கிற, கூட்டம் நிறைந்த முஸ்லிம் கடையாகப் பார்த்துப் போங்கள்; ஆள் இல்லாத கடையில் முற்பகல் போட்ட ரொட்டியைத்தான் கொத்துவார்கள்.

ஹட்டன் உறுப்பினர்

அக்கா, நான் வான் ஓட்டுபவன். எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். அறை பதிவு செய்யும்போது சாரதி தங்குவதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் தயவுசெய்து கேளுங்கள். நுவரெலியாவில் ஜனவரிக் குளிரில் வானுக்குள் படுத்துவிட்டு, மறுநாள் றம்பொடை வளைவுகளில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். தூக்கமில்லாத கண்ணுடன் அந்தப் பாதையில் ஓட்டக் கூடாது.

பண்டாரவளை உறுப்பினர்

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை பண்டாரவளை ரயில் நிலையத்தில் சந்தித்தேன். கண்டி, நுவரெலியா, எல்ல ஆகிய மூன்றையும் இரண்டே நாளில் பார்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். வரைபடத்தில் 77 கிலோமீற்றர் என்று காட்டும் கண்டி - நுவரெலியாப் பாதை சமவெளியில் ஒன்றரை மணித்தியாலப் பயணமாக இருக்கலாம். இங்கே தேநீருக்கு நிறுத்தாமல் போனாலும் மூன்று மணித்தியாலத்துக்கு நெருங்கிவிடும். அவர்களுடைய சிறு பிள்ளை வாந்தியெடுத்துச் சோர்ந்துபோயிருந்தது. மலையில் தூரத்தை மணித்தியாலத்தால்தான் எண்ண வேண்டும். இரண்டு நாள் என்றால் ஓர் ஊர், மூன்று அல்லது நான்கு நாள் என்றால் இரண்டு ஊர், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

மழையையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை நுவரெலியா, ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும்போது, ஊவாப் பக்கமான எங்கள் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை ஆகிய இடங்களில் ஜூலை, ஆகஸ்டில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கும் அந்தக் காற்றுதான் காரணம். ஒக்டோபருக்குப் பின் எங்களுக்கு மழை. அப்போது மண்சரிவால் ரயில் பாதையும் வீதிகளும் மூடப்படும் நாட்கள் உண்டு என்பதால், புறப்படும் நாளன்று காலையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் ஒதுக்கிய இருக்கை வேண்டுமானால் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொலவைத் தாண்டி இறங்கும்போது பனிமூட்டம் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும், பெரியவர்களுக்குக் காதை மூட ஒரு துணி கையில் இருக்கட்டும்.

எல்லவில் இப்போது நெரிசல் அதிகம், அறை வாடகையும் அதற்கேற்ப உயர்ந்துவிட்டது. பண்டாரவளையில் தங்கி, காலை வெயில் ஏறும் முன் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே குடும்பத்துக்கு நிம்மதி. லிப்டன் இருக்கை என்ற மலைக் காட்சிமுனைக்கும் அப்படித்தான்: தம்பேதன்னைத் தோட்டத்து வழியாக ஏறி ஏழு மணிக்கு மேலே நின்றால் கண்ணுக்கெட்டியவரை மலைகள் தெரியும், ஒன்பதரை மணிக்குப் போனால் பெரும்பாலும் வெள்ளை மூட்டம்தான்.

நுவரெலியாவில் எங்கே, எப்படித் தங்கினீர்கள் என்பதை அக்கா எழுதினால் என் அம்மாவை அழைத்துப்போக உதவியாக இருக்கும்.

புசல்லாவை உறுப்பினர்

எல்லோருக்கும் நன்றி. சாரதித் தம்பி சொன்னதைப் படித்தபின், எங்கள் சாரதி அன்றிரவு எங்கே தூங்கினார் என்று கணவரிடம் கேட்டேன். விடுதிக்காரர் பின்பக்கத்தில் ஓர் அறை கொடுத்தாராம். நான் கேட்டுக் கொடுக்கவில்லை, இனிக் கேட்பேன்.

நுவரெலியாவில் நகரத்துக்கு நடந்து போகும் தூரத்தில், கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் எடுத்தோம். அங்கே குளிரூட்டியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஆளுக்கு இரண்டு போர்வை இருக்கிறதா, ஹீட்டர் தருவார்களா, போர்வை ஈர வாடை இல்லாமல் உலர்ந்திருக்கிறதா என்பதைத்தான் பையை இறக்கும் முன்பே தொட்டுப் பார்க்க வேண்டும். ஏப்ரல் வசந்த காலத்தில் அறை வாடகை மிகவும் உயர்ந்துவிடும். பெப்ரவரியில் வானம் தெளிவு, ஆனால் இரவுக் குளிர் கடுமை. விடியற்காலையில் புல்லின்மேல் துகள்பனி படிந்திருந்ததை அப்பா எங்களை எழுப்பிக் காட்டினார்.

1894ஆம் ஆண்டின் சிவப்புச் செங்கல் தபால் நிலையத்தில் மாமியார் தன் பேத்திக்கு ஒரு தபாலட்டை அனுப்பினார். கிரகரி வாவியில் படகு ஏறவில்லை. கரையில் அவித்த சோளம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு குதிரைகளைப் பார்த்தோம். சீதா எலிய அம்மன் கோயிலுக்கும் ஹக்கல பூங்காவுக்கும் ஒரே காலையில் போய்விடலாம், இரண்டும் ஒரே வீதியில்தான் இருக்கின்றன.

அம்மாவுக்காக நான் செலவைப் பார்க்காமல் வைத்திருந்தது ஒன்றுதான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழைய ஹோட்டல் ஒன்றின் புல்வெளியில் மாலைத் தேநீர். உள்ளே நுழையும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்மள விடுவாங்களா?" என்று கேட்டார். மரக்கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் வெள்ளிக் கேத்தலைக் கொண்டுவந்து வைத்தார். மெனு அட்டையை அம்மாவிடம் நீட்டியவர், கொழுந்துக் காம்பின் கறை இன்னும் போகாமலிருந்த அவருடைய விரல்களை ஒரு கணம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்: "அம்மா எந்தத் தோட்டம்?"

அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னார், டிவிசனையும் சொன்னார். இளைஞர் தலவாக்கலைப் பக்கம். அவருடைய அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாராம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள், அட்டைக்கடி எப்படி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இப்போது யார் என்று அம்மா கேட்கத் தொடங்கிவிட்டார். பேச்சு நீள நீள, கதிரையில் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இளைஞர் கேத்தலை எடுத்து, கோப்பையில் சாயம் சிந்தாமல், அம்மாவுக்குத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார்.