நேர அட்டவணையே வராத காஸ்ப்ளே கன்வென்ஷன்: கவசத்தோட போகலாமா?

தயிர்சாத_சாமுராய் கேட்டது:

மே மாசம் மூணாவது ஞாயிறு சென்னையில ஒரு நாள் அனிமே (ஜப்பான் கார்ட்டூன்), காஸ்ப்ளே (கதாபாத்திரம் மாதிரி வேஷம் கட்டுறது) கன்வென்ஷன். டிக்கெட் தலைக்கு 799, ரெண்டு பேருக்கு வாங்கியாச்சு. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. நிலவரம் இதுதான்: இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தவிர வேற எதுவும் இல்ல. "காலை 10 முதல் இரவு 8 வரை", அதான் மொத்த அட்டவணை. இடம் ஒரு கல்யாண மண்டபம், அதுவும் போன வாரம் வரைக்கும் வேற மண்டபம் பேர் போட்டிருந்தது. உடை மாத்த ரூம் இருக்கான்னு கேட்டா "வந்து பாருங்க ப்ரோ". வாள், கேடயத்துக்கு என்ன விதின்னு கேட்டா ஒரு ஹார்ட் இமோஜி.

கொண்டு போறது: இவிஏ ஃபோம் ஷீட்டுல (யோகா பாய் மாதிரி லேசானது) செஞ்ச கவசம், முகத்தை மூடுற ஹெல்மெட், அஞ்சடி வாள். கூட வர்றவங்க போட்டிக்குப் பேர் குடுத்திருக்காங்க. தைச்ச உடை, விக், கலர் லென்ஸ். மெட்ரோவுலதான் வரணும்.

போகலாமா வேணாமான்னு எதை வெச்சு முடிவு பண்றது? போனா என்னென்ன கையில இருக்கணும்? போட்டியில சொதப்பினா, இல்ல மொத்தமா சொதப்பினா, காசு திரும்ப வருமா?

வரிசைப்புலி:

இன்ஸ்டாகிராமை விடுங்கள். மண்டபத்து ஆபீசுக்கு நேரடியாக போன் போடுங்கள். மூன்று கேள்வி போதும். அந்த ஞாயிறு இந்த நிகழ்ச்சிக்கு புக்கிங் இருக்கிறதா? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? ஏசி முழு நாளுக்கா, மணிக்கணக்கா? அப்படியே காலண்டரையும் பாருங்கள். வைகாசி பிறந்திருக்கும், அது முகூர்த்த நாளாக இருந்தால் மாலை ரிசப்ஷனுக்கு மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு. "இரவு 8 வரை" என்பது மதியம் 3 மணிக்கே முடிந்துவிடும். பல மண்டபங்களில் ஏசி, ஜெனரேட்டர் டீசல், கரன்ட் எல்லாம் வாடகைக்கு மேல் தனிக் கணக்கு. கையில் காசு இல்லாத அமைப்பாளர் முதலில் மிச்சம் பிடிப்பது அதில்தான்.

பாக்கி வைத்து நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஜூலையில் சிகாகோ பக்கத்தில், ஷாம்பர்க்கில் நடந்த டேஷ்கான் என்ற ரசிகர் கன்வென்ஷனே சாட்சி. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஓட்டல் 17,000 டாலர் கேட்கிறது என்று சொல்லி, வந்தவர்களிடமே வசூல் செய்தார்கள். விருந்தினர் நிகழ்ச்சி ஒன்று நடக்காமல் போனதற்கு ஈடாக, பிளாஸ்டிக் பந்து நிரப்பிய சின்னத் தொட்டியில் கூடுதலாக ஒரு மணி நேரம் விளையாடலாம் என்றார்கள். மேடையில் உண்டியல் குலுங்கினால் ஒரு பைசா போடாதீர்கள். அந்த நேரத்தில் கிளம்புவதற்கு வழி பாருங்கள்.

அடுத்து வாசல் கணக்கு. ஒருவருக்கு க்யூஆர் ஸ்கேன் 10 நொடி, பை சோதனை 20 நொடி என்று வையுங்கள். ஒரு கவுன்ட்டரில் மணிக்கு 120 பேர். 1,500 டிக்கெட் விற்று இரண்டே கவுன்ட்டர் போட்டால் எல்லாரும் உள்ளே போக ஆறேகால் மணி நேரம். அதுவும் ஸ்கேன் செய்யும் போனில் நெட் இருந்தால்தான். டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதோடு நிறுத்தாமல், தாளிலும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் போன் வெளிச்சம் குறைந்து க்யூஆர் படிக்காமல் போவது சகஜம்.

உள்ளே இடக் கணக்கு. 10,000 சதுர அடி ஹாலில் ஸ்டால், மேடை, நாற்காலி போக பாதி மிஞ்சினால் சுமார் 465 சதுர மீட்டர். கவசம் போட்டவர் நிம்மதியாக நடக்க சதுர மீட்டருக்கு இரண்டு பேருக்கு மேல் ஆகாது, அதாவது 930 பேர். நான்கு பேர் ஆனால் தோள்பட்டைக் கவசம் ஒவ்வொருவர் மேலும் இடிக்கும். ஐந்தைத் தாண்டினால் நீங்கள் நடக்கவில்லை, கூட்டம் நடத்துகிறது. அப்போது கை இரண்டையும் மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் தள்ளல் தளரும் நேரத்தில் குறுக்குவாட்டில் ஓரத்துக்கு நகருங்கள். எதிர்த்துத் தள்ளக் கூடாது. கீழே விழுந்த வாளை எடுக்கக் குனியவே கூடாது.

விருந்தினர் பெயர் போட்டிருந்தால் அவர்களுடைய சொந்தப் பக்கத்தில் அந்தத் தேதி இருக்கிறதா பாருங்கள். அங்கே இல்லை என்றால் வரப்போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு: மண்டபத்தில் புக்கிங் உறுதி, ஏசி உண்டு என்றால் போங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் கவசத்தோடு போக வேண்டாம்.

பஞ்சுக்கவசம்:

புலி சொன்னது சரி. ஆனா ப்ரோ கேட்டது கவசத்தைப் பத்தி, அதுக்கு வர்றேன்.

உடை மாத்துற ரூம் இல்லன்னே நினைச்சுக்கங்க. டோக்கியோவுல நடக்குற காமிகெட்ங்கற பெரிய காமிக்ஸ் சந்தையில உடையோட வெளிய இருந்து வரவே கூடாது, உள்ள அதுக்குன்னு இருக்குற இடத்துலதான் மாத்தணும். அங்க அந்த ஏற்பாடு இருக்கு, விதியும் இருக்கு. இங்க தலைகீழ். முழுக்கை டீ ஷர்ட்டும் லெகிங்ஸும் வீட்டுலயே போட்டுட்டு வந்துடுங்க, கவசத்தை மட்டும் அங்க மாட்டுங்க. ஓரமா ஒரு தூண் இருந்தா போதும். உள்ளுடுப்பு ஒரே பீஸா வேணாம், மேல கீழ தனித்தனியா இருந்தாதான் பாத்ரூம் போக முடியும்.

கத்திரி வெயில்ல முதல்ல போறது பசை. ஹாட் க்ளூ குச்சியால ஒட்டின எதுவும், வெயில்ல நிக்குற கார்ல வெச்சீங்கன்னா இளகி வாயைத் திறந்துடும். எடை தாங்குற இடம் எல்லாத்தையும், முக்கியமா தோள், இடுப்பு, ஹெல்மெட் உச்சி, இப்பவே கான்டாக்ட் சிமென்ட்டுக்கு (ஒரு வகை ரப்பர் பசை) மாத்துங்க. நம்ம ஹார்டுவேர் கடையில ஃபெவிகால் எஸ்ஆர்னு கேட்டா குடுப்பாங்க. ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, 10லிருந்து 15 நிமிஷம் காய விடணும். தொட்டா கையில ஒட்டக் கூடாது, அப்பதான் சேர்க்கணும். ஈரமா இருக்கும்போதே அமுக்கிட்டு "பிடிக்கவே இல்ல"ன்னு சொல்றவங்கதான் அதிகம். ஜன்னலைத் திறந்து வெச்சு பண்ணுங்க, அந்த வாடை தலையைச் சுத்தும்.

ஃபோமை சீல் பண்ண வெள்ளை ஃபெவிகால் பூசியிருந்தா இன்னொரு தொல்லை இருக்கு. வியர்வை பட்டா அது திரும்ப பிசுபிசுக்கும், கழுத்தும் முழங்கை மடிப்பும்தான் முதல்ல ஒட்டும். மேல ரெண்டு கோட் அக்ரிலிக் க்ளியர் அடிங்க. நேரம் இல்லன்னா அன்னைக்கு அந்த இடத்துல கொஞ்சம் டால்கம் பவுடர்.

பின்னாடி பசை தடவி வர்ற வெல்க்ரோவை நம்பாதீங்க. மதியத்துக்குள்ள பசை ஃபோமை விட்டுடும். 25 மி.மீ. நாடாவும் ஸ்கூல் பையில இருக்குமே அந்த க்ளிப் பக்கிளும் வாங்கி, நாடாவோட நுனியை ரெண்டு ஃபோம் அடுக்குக்கு நடுவுல வெச்சு ஒட்டுங்க.

வாள்: அஞ்சடின்னா 150 செ.மீ. உள்ள இரும்புக் கம்பி இருந்தா வாசல்லயே போச்சு, மெட்ரோ ஸ்கேனர்லயும் கேள்வி வரும். 20 மி.மீ. பிவிசி பைப்பு ரெண்டு துண்டு, நடுவுல சேர்க்க ஒரு கப்ளிங், ஒரு பக்கம் மட்டும் பைப் ஒட்டுற சால்வென்ட் போட்டு ஒட்டிடுங்க. இன்னொரு பக்கம் சொருகிக் கழட்டுற மாதிரி இருக்கட்டும். சுத்தாம இருக்க கப்ளிங்ல குறுக்க ஓட்டை போட்டு ஒரு மூங்கில் குச்சி. 75, 75ஆ பிரிஞ்சு பையில போயிடும். நுனி மொட்டையா இருக்கணும், அமுக்கினா வளையணும். விதியே சொல்லாத இடத்துல வாசல்ல நிக்குற செக்யூரிட்டிதான் விதி. அவர்கிட்ட வளைச்சுக் காட்டினா முக்கால்வாசி பேச்சு முடிஞ்சுடும். "அப்படி வெச்சுட்டுப் போங்க, அப்புறம் வாங்கிக்கலாம்"னா வைக்காதீங்க. டோக்கன் இல்லாம குடுத்த பொருள் திரும்ப வராது.

ஹெல்மெட் ஃபேன்: 5 வோல்ட், 40 மி.மீ. ஃபேனை பவர் பேங்க்ல சொருகினா ஒரு நிமிஷத்துல நின்னு போகும். ஃபேன் கெட்டுப்போகல. அது இழுக்குற கரன்ட் ரொம்பக் கம்மி. 50லிருந்து 100 மில்லி ஆம்பியருக்குக் கீழ போனா நிறைய பவர் பேங்க் "ஒண்ணும் மாட்டல"ன்னு நினைச்சு அணைஞ்சிடும். ரெண்டு ஃபேனை பேரலலா மாட்டுங்க, இல்ல சின்ன கரன்ட் மோடு இருக்குற பவர் பேங்க் பாருங்க. வீட்டுல அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துட்டுதான் கிளம்பணும். ஒண்ணு தாடைக்குக் கீழ காத்தை உள்ள இழுக்கணும், இன்னொண்ணு உச்சியில வெளிய தள்ளணும். ரெண்டும் உள்ள ஊதினா கண்ணாடி பனி பிடிக்கும்.

கைப்பை: ஃபெவிக்விக் 3, ஆப்ப சோடா ஒரு ஸ்பூன், துணி டேப் ஒரு ரோல், ஊக்கு 12, ஜிப் டை 10, கத்தரிக்கோல் (சின்னது, செக்கிங்ல கூட வர்றவங்க பையில). ஃபெவிக்விக் மேல ஆப்ப சோடா தூவினா அந்த நொடியே கல்லாகும். உடைஞ்ச கொம்பு, கொக்கிக்கு அது போதும், வளையுற இடத்துக்கு ஆகாது. பருத்தித் துணி மேல ஃபெவிக்விக் கொட்டக் கூடாது. சூடாகி தோலைச் சுட்டுடும்.

ஓஆர்எஸ்: 21 கிராம் பாக்கெட் ஒண்ணுக்கு சரியா ஒரு லிட்டர் தண்ணி. அரை லிட்டர்ல கலக்கினா உப்பு ஜாஸ்தியாகி தாகம் கூடத்தான் செய்யும். ஆளுக்கு ரெண்டு பாக்கெட். ஹெல்மெட்டை அரை மணிக்கு ஒரு தடவை கழட்டுங்க. யாராவது உளற ஆரம்பிச்சா, உடம்பு கொதிச்சா, தலைவலின்னு ஓரமா உக்கார வைக்காதீங்க. கவசத்தைக் கழட்டி, கழுத்து, அக்குள், தொடை இடுக்குல தண்ணி ஊத்தி விசிறுங்க, 108 கூப்பிடுங்க.

ஊசிமுனை:

போட்டி பற்றி. மோசமான நிகழ்ச்சிகளில் முதலில் கைவிடப்படுவது கைவேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முன்தேர்வு. நேரம் போய்விட்டது என்று எல்லாரையும் நேராக மேடை ஏற்றிவிடுவார்கள். இருபது அடி தூரத்திலிருந்து பார்த்தால் கையால் தைத்த விளிம்பும் கடையில் வாங்கியதும் ஒன்றுதான். அதனால் ஒரே ஏ4 தாள்: இடது பாதியில் கதாபாத்திரத்தின் கலர் படம், வலது பாதியில் செய்யும்போது எடுத்த ஆறு படம், கீழே "நானே செய்தது, வாங்கியது" என்று இரண்டே வரி. நான்கு பிரதி. நடுவர் கையில் நீங்களே கொடுங்கள், தொகுப்பாளரிடம் கொடுத்தால் அங்கேயே நிற்கும்.

பாட்டு பென் டிரைவிலும் போனிலும் இருக்கட்டும், எம்பி3 மட்டும். கோப்புப் பெயரில் போட்டியாளர் எண் முதலில் வரட்டும். ஒரு நிமிடத்தில் முடிகிற ஒரு வடிவமும் வைத்திருங்கள். மூன்று நிமிடம் என்று சொன்னவர்கள் ஆள் சேர்ந்ததும் ஒன்றாகக் குறைப்பார்கள். மேடைப் படியில் கைப்பிடி இருக்கிறதா என்று முன்பே போய்ப் பாருங்கள். மண்டபத்து மேடை மணமக்களுக்காகக் கட்டியது, பின்பக்கப் படி குறுகல், நீளமான அங்கி மாட்டும்.

லென்ஸ்: கழுவ நல்ல இடம் இருக்காது. டப்பாவும் சொல்யூஷனும் பையில் கட்டாயம். குழாய்த் தண்ணீர், குடிக்கும் தண்ணீர் எதிலும் லென்ஸை நனைக்காதீர்கள், அதிலிருக்கும் அமீபா கருவிழியைப் பிடித்தால் வைத்தியம் மாதக்கணக்கில். முதலில் லென்ஸ், பிறகு மேக்கப். கழற்றும்போது முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மேக்கப்பைத் துடைக்க வேண்டும்.

விக்கை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். உச்சியிலிருந்து சீவினால் கையோடு வரும்.

ரசீது_எங்கே:

காசு. இன்றைக்கே டிக்கெட் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: விலை, நேரம், விருந்தினர், போட்டி, "ரீஃபண்ட் இல்லை" என்ற வரி, எல்லாம். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்தப் பக்கம் இருக்காது. பழைய மண்டபம் பெயர் போட்ட போஸ்டரும் முக்கியம். அன்றைக்கு, சொன்னதும் நடந்ததும் வித்தியாசப்படும் இடத்தில் மட்டும் படம் எடுங்கள்: பூட்டிய கதவு, காலி மேடை, கடிகாரம் தெரிகிற வரிசை.

பிறகு அமைப்பாளருக்கும் டிக்கெட் விற்ற தளத்துக்கும் ஒரே மெயில். என்ன சொன்னீர்கள், என்ன நடந்தது, எவ்வளவு தொகை, எத்தனை நாளில் வேண்டும். கோபம் வேண்டாம், நாலு பத்தி போதும். கார்டில் கட்டியிருந்தால் சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பக் கேட்கும் புகார்) போடலாம், தள்ளிப்போடாமல் அந்த வாரமே. யுபிஐயில் அந்த வசதியை நம்ப முடியாது, பணம் போய்ச் சேர்ந்ததுதானே என்று முடித்துவிடுவார்கள். பதில் வரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார். ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை, இரண்டு வருடம் அவகாசம். 1,598 ரூபாய்க்கு இது தேவையா என்றால், இருபது பேர் சேர்ந்து அனுப்பும் மெயிலுக்கே பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

தயிர்சாத_சாமுராய்:

மண்டபத்துக்குப் போன் போட்டாச்சு. புக்கிங் இருக்கு, ஆனா காலை 9லிருந்து மாலை 5 வரைக்கும்தான். ஏசி உண்டு. அப்ப கவசம் வரும், ஹெல்மெட் உள்ள போய்தான். போட்டி 4 மணின்னு இப்பதான் போட்டிருக்காங்க, அது நடக்குமா?

இன்னொண்ணு, வாசல்ல ஒரே கூட்டமா நின்னா என்ன பண்றது? வரிசை எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்லவே ஆள் இருக்காது போல.

வரிசைப்புலி:

5 மணிக்குக் காலி செய்ய வேண்டிய இடத்தில் 4 மணிப் போட்டி நடக்காது. ஸ்டால் பிரிக்கவே ஒரு மணி நேரம் வேண்டும். மண்டபத்தில் சொன்ன நேரத்தை எழுதி, போட்டியை 2 மணிக்கு மாற்றச் சொல்லி இன்றைக்கே கமென்ட்டில் கேளுங்கள். தனிச் செய்தியில் வேண்டாம், மற்றவர்களும் பார்க்க வேண்டும்.

வரிசைக்கு காமிகெட் வழக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே ஸ்டால் வரிசையில் கடைசியாக நிற்பவர் கையில் "வரிசை இங்கே முடிகிறது" என்ற பலகை இருக்கும். அடுத்தவர் வந்ததும் பலகை அவர் கைக்குப் போகும். அதற்கு அமைப்பாளரே தேவையில்லை. ஒரு ஏ3 அட்டையில் தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொண்டுபோங்கள். ஏ4 பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. பெர்மனன்ட் மார்க்கரில் எழுதுங்கள், ஸ்கெட்ச் பேனா என்றால் பத்தாவது கைக்குப் போவதற்குள் வியர்வையில் கரைந்துவிடும்.