வளவு வீட்டார் குழு: ஆடியில் மண்டபம்

சுவிஸ் மாமா [19:42]: எல்லோருக்கும் வணக்கம். மண்டபக்காரர் ஞாயிறு தர ஏலாதாம். மகளின் சாமத்திய வீடு, தண்ணி வார்ப்பு, ஆகஸ்ட் 9, சனி. முற்பணம் கட்டியாச்சு. அக்காவும் கவியும் 5ஆம் திகதியே வருகிறபடியால் உங்களுக்குப் பிரச்சினை இல்லைத்தானே.

சின்னம்மா [19:44]: பிள்ளையின் படம் போடுங்க அண்ணன்

பெரிய மாமா [19:51]: ஆடியிலா?

பெரிய மாமா [19:52]: ஆவணி பிறக்கிறது 17ஆம் திகதி. ஆடியில் யாராவது நல்ல காரியம் வைப்பார்களா தம்பி?

சுவிஸ் மாமா [19:53]: அண்ணன், இங்கே மண்டபம் கிடைக்கிற நாள்தான் நல்ல நாள்.

கவி [19:55]: மாமா, ஞாயிறு என்றுதானே சொன்னீங்க

கவி [19:55]: பெரிய மாமா சொல்வதும் சரிதான். ஆடி.

தம்பி [19:56]: அக்காவுக்கு எப்ப இருந்து ஆடி, ஆவணி எல்லாம்? சனிக்கிழமை என்ன விசேஷம் என்று சொல்லுங்களேன்

அம்மா [19:56]: என்ன விசேஷம்

கவி [20:04]: சரி, சொல்கிறேன். யாரும் சத்தம் போடக் கூடாது. அன்றைக்கு அங்கே ஒரு மலை ஓட்டம். சியேர் என்ற ஊரில் தொடங்கி சினால் வரைக்கும், 31 கிலோமீட்டர். 1974இல் தொடங்கிய ஓட்டம். எனக்கு இடம் கிடைத்துவிட்டது, காசும் கட்டிவிட்டேன். சியேர் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து காட்டுக்குள்ளால் நேரே மேலே. ஓட ஏலாது, முழங்காலில் கையை ஊன்றித்தான் முக்கால்வாசிப் பேர் ஏறுவார்கள். சண்டோலின் என்ற ஊர் வந்த பிறகுதான் காடு விலகும். மறுகா வைஸ்ஹோர்ன் என்ற பழைய ஹோட்டல், அதற்கும் மேலே நாவா என்ற இடம், 2425 மீட்டர். மொத்த ஏற்றம் 2200 மீட்டர். நல்லதண்ணிப் பக்கத்தால் சிவனொளிபாத மலையை ஏறக்குறைய இரண்டு தடவை ஏறுகிற கணக்கு. வழியில் 4000 மீட்டரைத் தாண்டிய ஐந்து மலைகள் தெரியும், மத்தஹோனும் அதில் ஒன்று. ஐந்து நாலாயிரங்களின் ஓட்டம் என்றுதான் அதைச் சொல்வார்கள்.

பெரிய மாமா [20:06]: எங்கட நாட்டின் உயர்ந்த மலை பீதுருதாலகால, 2524 மீட்டர்

சின்னம்மா [20:06]: தனியாவா?

அம்மா [20:07]: எனக்கு ஏன் சொல்லவில்லை

மாமி சுவிஸ் [20:08]: கவி, பிளவுஸ் அளவு இன்னும் வரவில்லை

சுவிஸ் மாமா [20:10]: வலே மாநிலப் பக்கமா? நான் இத்தனை வருடம் இருந்தும் மத்தஹோனைச் சொக்லேற் பெட்டியில்தான் பார்த்தேன். இப்போது அதிலும் எடுத்துவிட்டார்கள்.

தம்பி [20:11]: இவள் பழகுவது கல்லடிப் பாலத்தில். எங்கட ஊரில் அதுதான் மலை

கவி [20:12]: குடும்பிமலையும் ஏறினேன். கடற்கரை மணலிலும் ஓடுகிறேன். உனக்குத் தெரியாது, நீ எழும்புவது எட்டு மணிக்கு.

பெரிய மாமா [20:19]: பிள்ளை, நாங்கள் உகந்தையில் இருந்து காட்டு வழியால் கதிர்காமம் நடந்தவர்கள். குமுக்கன் ஆறு, வியாழை, கட்டகாமம். ஆனை, கரடி எல்லாம் உண்டு. ஒருவரும் காசு கேட்கவில்லை, பதக்கமும் தரவில்லை. முருகா என்று போனோம், வந்தோம்.

தம்பி [20:20]: கட்டகாமத்தில் இருந்து லொறியில்

பெரிய மாமா [20:21]: காலில் கொப்புளம். லொறிக்காரர் வற்புறுத்தினார்.

அம்மா [20:22]: விழுந்தால் யார் தூக்குவது

கவி [20:27]: அம்மா, அது காட்டுக்குள் தனியே போகிற வேலை இல்லை. வழி நெடுகத் தண்ணீர், தேநீர், வைத்தியர் எல்லாம் உண்டு. கஷ்டம் கடைசி இறக்கம்தான். நாவாவில் இருந்து சினாலுக்கு 750 மீட்டர் இறங்க வேண்டும், ஏறின களைப்போடு தொடை நடுங்கும். அதற்குத்தான் இப்போது படி இறங்கிப் பழகுகிறேன். விசாவுக்கு எடுத்த காப்புறுதி 30,000 யூரோவுக்கு. ஆனால் மலைப் போட்டி என்றால் சில கம்பனிகள் தராது, ஆகவே மலை மீட்புக்கும் சேர்த்துத் தனியாக எடுக்கப் போகிறேன். ஹெலிகொப்டர் வந்தால்

அம்மா [20:27]: ஹெலிகொப்டரா

கவி [20:28]: வராது அம்மா, சும்மா சொன்னேன்

சுவிஸ் மாமா [20:30]: நான் 30,000 பிராங் பொறுப்புக் கையெழுத்து வைத்துத்தான் விசா எடுத்தது. கால் முறித்தால் பில் எனக்கு வரும், ஞாபகம் இருக்கட்டும்.

பெரிய மாமா [20:33]: காசைச் சொல்லிக் காட்டாதே தம்பி. அம்மாவின் 31ஆம் நாள் கிரியைக்கு வராதவருக்கு மண்டபத்து நாள் மட்டும் முக்கியமா?

சுவிஸ் மாமா [20:36]: அப்போது என்னிடம் எஃப் அட்டை, தற்காலிக அனுமதிதான் அண்ணன். வந்திருந்தால் திரும்ப உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். உங்களுக்கும் தெரியும். கிணறு கட்டிய காசு யாருடையது என்று நான் கேட்டேனா?

பெரிய மாமா [20:37]: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்னம்மா [20:38]: அந்தக் கிணறு இப்போ என்ட வளவில் இருக்கு, நான் ஒன்றும் பேசல்ல

சின்னம்மா [20:40]: அக்கா, கருவாடு எத்தனை கிலோ கட்டுவது? எருமைத் தயிரும் ஒரு சட்டி கொண்டு போங்களேன், மாப்பிள்ளை வீட்டாரும் வருவார்கள்

தம்பி [20:40]: எந்த மாப்பிள்ளை? இது சாமத்திய வீடு

சின்னம்மா [20:41]: பேச்சுக்குச் சொன்னேன்

கவி [20:45]: சின்னம்மா, தயிர் ஏலாது. இறைச்சியும் பாற்பொருளும் சுவிஸுக்குள் விடமாட்டார்கள். களுதாவளை வெற்றிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேணும், மாம்பழத்துக்கும் வேணும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, டுரியான், பேரீச்சம்பழம் இந்த ஐந்துக்கும் மட்டும் வேண்டாம்.

பெரிய மாமா [20:46]: தேங்காய் கொண்டு போகலாமா

கவி [20:46]: ஓம்

பெரிய மாமா [20:47]: என்ட மரத்தில் இருக்கு. கும்பத்துக்கு எத்தனை வேணும் என்று தம்பியிடம் கேட்டுச் சொல்

தம்பி [20:47]: தம்பியும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார் பெரிய மாமா

சுவிஸ் மாமா [20:52]: இங்கே கடையில் தேங்காய் கிடைக்கும். ஆனாலும் அண்ணனின் மரத்துக் காய் இரண்டு கொண்டு வாங்க.

மாமி சுவிஸ் [20:53]: ஆலாத்தித் தட்டு தூக்க மச்சாள்மார் ஏழு பேர் வேணும். கவியோடுதான் ஏழு. கவி ஓடினால் ஆறு

கவி [20:59]: மாமி, நான் பதிந்தது சுற்றுலாப் பிரிவில். அவர்களை விடியுமுன்னே விடுவார்கள், பெரிய ஓட்டக்காரரைப் பிறகுதான். மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன். சினாலில் இருந்து பஸ்ஸில் சியேர், அங்கிருந்து ரயிலில் பேர்ண். மூன்று மணித்தியாலம் வைத்தால் போதும். 2024இல் கிலியன் ஜோர்னெட் என்ற மலை ஓட்ட வீரர் இதே தூரத்தை 2 மணி 25 நிமிடத்தில் ஓடினார். எனக்கு அதைப் போல் மூன்று மடங்கு ஆனாலும்

சுவிஸ் மாமா [21:00]: அந்தாளைக் கூப்பிட்டிருந்தால் ஆலாத்திக்கு நேரத்துக்கு வந்திருப்பார்

தம்பி [21:01]: அக்கா தட்டோடு நொண்டி நொண்டி வருவதை நான் வீடியோ கோலில் பார்க்க வேணும்

அம்மா [21:03]: கோபம் போகவில்லை. ஆனால் ஆடியில் தண்ணி வார்க்க எனக்கும் மனமில்லை தம்பி. மாமி நான்தானே வார்க்க வேணும்

பெரிய மாமா [21:04]: அதைத்தானே நானும் சொன்னேன்

சுவிஸ் மாமா [21:09]: 17 ஞாயிறு கேட்டுப் பார்க்கிறேன். கிடைத்தால் முற்பணத்தில் வெட்டுவார்கள். உங்கள் திரும்பும் ரிக்கெற் 14ஆம் திகதி, அதற்கும் மாற்றுக் காசு.

கவி [21:09]: மாற்றுக் காசு நான் தருகிறேன்

அம்மா [21:10]: உன்னிடம் காசு எங்கே

சுவிஸ் மாமா [21:11]: திங்கள் மண்டபக்காரரோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை ஒருவரும் அழைப்பிதழ் அனுப்ப வேண்டாம்.

சின்னம்மா [21:12]: நான் நேற்றே நாலு வீட்டுக்கு 9ஆம் திகதி என்று சொல்லிப்போட்டேனே

சுவிஸ் மாமா [21:12]: எப்படித் தெரியும்? நானே இன்றைக்குத்தான் சொன்னேன்

சின்னம்மா [21:14]: மாமி சொன்னா

மாமி சுவிஸ் [21:20]: கவி, பிளவுஸ் அளவு