புதுப்பிப்பு: பிரெஞ்சு அண்மை எதிர்காலம், 'இல்லை'யும் 'ஸ லவே'யும்

போன பதிவில் 'ஃப்யூத்யூர் ப்ரோஷ்', அதாவது அண்மை எதிர்காலம் பற்றி எழுதியிருந்தேன்: 'போ' என்று பொருள்படும் 'அலே' வினையின் நிகழ்கால வடிவம், அதன்பின் முக்கிய வினை மாறாமல் அப்படியே. ழ வே (நான்), த்யூ வா (நீ), இல் வா (அவன்), நூ ஸலோன் (நாம்), வூ ஸலே (நீங்கள்), இல் வோன் (அவர்கள்). இவற்றோடு 'மான்ழே' சேர்த்தால் சாப்பிடப் போவதைச் சொல்லிவிடலாம். எதிர்மறை எப்படி, 'ஸ லவே' மாதிரி 'ஸ' ஒட்டிய வினைகளை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

எதிர்மறை எளிது. 'ந', 'பா' இரண்டும் 'அலே'யின் இருபுறமும் நிற்கும்: ழ ந வே பா மான்ழே, நான் சாப்பிடப் போவதில்லை. 'பா'வைக் கடைசியில் போடத் தமிழ் நாக்கு துடிக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

எழுந்திருப்பதைச் சொல்லும் 'ஸ லவே'தான் கொஞ்சம் படுத்தும். 'லவே' மாறாது, முன்னாலுள்ள 'ஸ' ஆளுக்கேற்ப மாறும்: ழ வே ம லவே, த்யூ வா த லவே, நூ ஸலோன் நூ லவே. இரண்டு 'நூ' வருகிறதே என்று ஒன்றை அடித்துவிட வேண்டாம், அதுதான் சரி. 'அதைச் செய்யப் போகிறேன்' என்பதிலும் 'அதை' என்னும் 'ல' அங்கேதான், முக்கிய வினைக்கு முன்னால், உட்காரும்: ழ வே ல ஃபேர். 'போகப் போகிறேன்' என்றால்? ழ வே ஸலே. நம்மைப் போலவே!

அப்புறம், 'ழ வே'க்குப் பதில் இறந்தகால 'ழாலே' போட்டுப் பாருங்கள்: 'ழாலே பார்த்தீர்', கிளம்பவிருந்தேன். யாரையும் பார்க்கவில்லை, 'பார்த்தீர்' என்றால் கிளம்புவது.