புதுப்பிப்பு: பைதான் ஸ்டாண்டர்ட் லைப்ரரி குறிப்புப் பக்கம்

பைதான் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு (பைதான் நிரல்மொழியோடு கூடவே வரும் மாட்யூல்கள், அதாவது ஆயத்தக் கோடு தொகுப்புகள்) எங்கள் டீமுக்கென ஒரு குறிப்புப் பக்கம் போடுகிறேன், அகர வரிசையில் அடுக்கவா, வேலை வாரியாகப் பிரிக்கவா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். அகர வரிசைக்குத்தான் ஆதரவு அதிகம். ஆனாலும் வேலை வாரியாகவே பிரித்துவிட்டேன்.

பெயர் தெரிந்தவர் தேடி எடுத்துக்கொள்வார். அவருக்கு அதிகாரபூர்வ ஆவணத்திலேயே மாட்யூல் இன்டெக்ஸ் உண்டு. பெயர் தெரியாதவர்தான் திண்டாடுகிறார். அங்கே தலைப்பு வாரியான அத்தியாயங்களும் இருக்கின்றன, சரி. ஆனால் சிஎஸ்வி, ஜேசன் இரண்டுமே தரவை ஃபைலில் எழுத உதவும் வடிவங்கள்; சிஎஸ்வி மாட்யூல் 'ஃபைல் ஃபார்மட்ஸ்' அத்தியாயத்தில், ஜேசன் மாட்யூல் 'இன்டர்நெட் டேட்டா ஹேண்ட்லிங்'கில்! ஃபைலை நகலெடுக்கும் 'ஷூட்டில்' மாட்யூல் ஓர் அத்தியாயத்தில், ஃபைலை அழிக்கும் 'ஓஎஸ்' மாட்யூல் இன்னொன்றில். புதிதாக வருபவர் இதை எப்படி ஊகிப்பார்?

எங்கள் பக்கத்தில் இவையெல்லாம் 'ஃபைல் வேலைகள்' என்ற ஒரே தலைப்பின்கீழ். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒரு லிங்க், அவ்வளவுதான். விளக்கத்தை நகலெடுத்தால் அடுத்த பதிப்பிலேயே பழசாகிவிடும்.

அப்புறம், பெப் 594 (பைதானில் மாற்றம் செய்வதற்கான முன்மொழிவு ஆவணங்களில் ஒன்று) படி பைதான் 3.13 பதிப்பில் 19 மாட்யூல்கள் நீக்கப்பட்டன அல்லவா? சிஜிஐ, டெல்நெட்லிப் போன்றவை பழைய கோடில் இன்னும் தலைகாட்டும் என்பதால் 'நீக்கப்பட்டது' என்ற குறிப்போடு விட்டுவைத்திருக்கிறேன்.

இட்டர்டூல்ஸை (லூப்களுக்கான கருவிகள் கொண்ட மாட்யூல்) எங்கே வைப்பது என்பது மட்டும் பாக்கி. 'இதர' என்று ஒரு பிரிவு போட மனம் வரவில்லை.